கையெழுத்துப் போடுமுன் முன்பணத்தைப் பற்றிக் கேளுங்கள்

ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரகடத்திலோ ஒரு கம்பெனியின் பர்ச்சேஸ் பிரிவில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். வெளிநாட்டு வாடிக்கையாளரிடமிருந்து ஓர் எக்செல் தாள் வரும். உங்களுக்குச் சரக்கு தருகிறவர்களிடம் குழந்தைத் தொழிலாளர் உண்டா, கொத்தடிமை உண்டா, கட்டாய உழைப்பு உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். எதிரே 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டம். மேனேஜருக்கு நேரமில்லை, தாள் உங்கள் மேசைக்கு வந்துவிடும். வெள்ளிக்கிழமைக்குள் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும்.

திருவாலங்காட்டுப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் ஒரு வசதி உண்டு. சான்று கொடுப்பது எவ்வளவு ஆபத்தான காரியம் என்று அவர்களுக்குப் பாட்டியே சொல்லியிருப்பார். பக்கத்து ஊரான பழையனூரின் நீலி கதையில் வணிகன் ஒருவனைப் பழிவாங்க வந்த பேய், அவன் மனைவிபோல் உருவெடுத்து, கள்ளிக் கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ச்சபையில் நியாயம் கேட்கிறது. குழந்தையைக் கீழே விட்டதும் அது வணிகனிடம் ஓடி அப்பா என்று ஒட்டிக்கொள்கிறது. சபையிலிருந்த எழுபது வேளாளர்களுக்கும் அதுவே போதுமான சாட்சியாகிவிட்டது. அவன் பயந்து நடுங்க, உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தார்கள். அவன் தற்காப்புக்கு வைத்திருந்த வாளையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். விடிந்தபோது அவன் பிணமாகக் கிடந்தான். எழுபது பேரும் சொன்ன சொல் தவறாமல் தீப்பாய்ந்தார்கள்.

வாக்குத் தவறாமைக்காகத்தான் இந்தக் கதையைக் கொண்டாடுகிறோம். தணிக்கைத் தொழிலுக்குப் போகிறவர் இதன் முன்பாதியைக் கவனிக்க வேண்டும். சபை பார்த்த சாட்சி, வழக்குத் தொடுத்தவள் கொண்டுவந்து காட்டிய சாட்சி. பயந்தவன் ஏன் பயப்படுகிறான் என்று தனியாக அழைத்து யாரும் விசாரிக்கவில்லை. 2012 செப்டம்பரில் கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250 பேருக்கு மேல் செத்தார்களே, அந்தத் தொழிற்சாலை சில வாரங்களுக்கு முன்புதான் எஸ்.ஏ.8000 என்ற சமூகப் பொறுப்புச் சான்றிதழ் வாங்கியிருந்தது. அங்கே சான்று கொடுத்தவர்கள் தீப்பாயவில்லை.

இந்தத் தணிக்கை வேலை எங்கிருந்து முளைத்தது?

சட்டப் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நேர்காணலில் கேட்பார்கள். தொழில் நிறுவனங்களுக்கும் மனித உரிமைக்குமான வழிகாட்டு நெறிகளை ஐ.நா. மனித உரிமை மன்றம் 2011இல் ஏற்றது. தன் தொழிற்சாலைக்குள் மட்டுமல்ல, தனக்குச் சரக்கு வரும் வழி நெடுகிலும் மனிதர்களுக்கு என்ன கேடு நேர்கிறது என்று நிறுவனமே தேடிப் பார்க்க வேண்டும், கண்டால் சரிசெய்ய வேண்டும், செய்ததை வெளியே சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். ஜெர்மனி இதைச் சட்டமாக்கி 2023 முதல் நடைமுறைப்படுத்தியது. கட்டாய உழைப்பில் விளைந்த பொருளை ஐரோப்பியச் சந்தையில் விற்கத் தடைவிதிக்கும் ஒழுங்குமுறை 2027 டிசம்பரில் நடைமுறைக்கு வருகிறது. இதையெல்லாம் தளர்த்தச் சொல்லும் பேரமும் ஐரோப்பாவில் கூடவே நடக்கிறது, தேதிகள் தள்ளிப் போகின்றன. ஆனாலும் எக்செல் தாள் வருவது நிற்கவில்லை.

நம் நாட்டில் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2021இல் கொண்டுவந்த பி.ஆர்.எஸ்.ஆர். என்ற வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை, சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு 2022-23 நிதியாண்டிலிருந்து கட்டாயம். அதில் ஐந்தாம் கோட்பாடு மனித உரிமை. சொந்த ஆலை, அலுவலகங்களைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். சப்ளையர்களில் எத்தனை சதவீதம் பேரை மதிப்பிட்டீர்கள் என்ற கேள்வியோ விரும்பினால் பதில் சொல்லலாம் என்ற பகுதியில் இருக்கிறது. பல அறிக்கைகள் அந்த இடத்தில் மௌனம் சாதிப்பதற்குக் காரணம் அதுதான். நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்ததும், புலம்பெயர் தொழிலாளர்களுக்கான 1979ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றில் ஒன்றில் கரைந்துவிட்டதும், 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் தனியாக அப்படியே நிற்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பட்டியலில் இல்லாத சப்ளையர்

முதல் வேலை, கம்பெனியின் சப்ளையர் பட்டியலை வாங்குவது. அதில் உதிரிபாகம் தருகிறவர், பெட்டி தருகிறவர், பெயின்ட் தருகிறவர் இருப்பார்கள். புது ஷெட் கட்டிய கான்ட்ராக்டர் இருக்கமாட்டார், ஏனென்றால் அது கட்டுமானக் கணக்கு. அவருக்குச் செங்கல் தந்த சூளையை யாரும் கேட்டதே இல்லை. கேன்டீனுக்குச் சர்க்கரை எங்கிருந்து வருகிறது, பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி யாருடையது, ஹவுஸ்கீப்பிங் ஆட்களை அழைத்துவருகிறவர் யார் என்பதெல்லாம் நிர்வாகப் பிரிவின் ஏதோ ஒரு கோப்பில் கிடக்கும். நம் வட்டாரத்தில் கேடு பெரும்பாலும் இந்த விட்டுப்போன கோப்புகளில்தான் இருக்கிறது.

விடுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலைப் பெண்கள் பூந்தமல்லி அருகே தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு விஷமாகி, நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். தோழிகளுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் இறங்கி உட்கார்ந்தார்கள். ஆலை தற்காலிகமாக மூடப்பட்டது. தங்குமிடங்களும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் விதிகளுக்கு ஏற்றபடி இல்லை என்று ஆப்பிளே ஒப்புக்கொண்டு, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. ஆப்பிளிடம் விதிப்புத்தகம் இல்லாமலில்லை. தங்குமிடமும் அதில் அடக்கம். அப்படியும், வேறு யாரோ நடத்தும் விடுதியின் சமையலறை நிலைமையை உலகத்துக்குச் சொல்ல ஒரு சாலை மறியல் தேவைப்பட்டது. எனவே ஆலையைச் சுற்றிப் பார்த்ததும் கிளம்பிவிடாதீர்கள். ஆட்கள் ஷிப்ட் முடிந்து எந்தப் பஸ்ஸில் ஏறுகிறார்கள் என்று பார்த்து, அது நிற்கும் இடத்தில் நீங்களும் இறங்குங்கள்.

சர்க்கரையில் வேறு மாதிரிச் சிக்கல். திருவாலங்காட்டிலேயே திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. எந்தச் சர்க்கரை ஆலையிலும் கரும்பு அரவைக்குப் போய்விட்டால் எந்த வயலின் கரும்பு எந்த மூட்டையில் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே மூட்டையிலிருந்து பின்னோக்கிப் போவது வீண். வெட்டு உத்தரவு வந்ததும் வயலில் இறங்கும் வெட்டாட்கள் யார், அவர்களைச் சேர்த்துவந்த மேஸ்திரி யார், டன்னுக்கு என்ன கூலி, முன்பணம் யார் கொடுத்தது என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்க வேண்டும். இந்த ஆலையில் கொத்தடிமை இருக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. எந்த ஆலையானாலும் கேள்வியின் இடம் இதுதான். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் இதைக் கேட்காமலே விட்டதன் விளைவு 2019இல் அரசுக் கணக்கெடுப்பில் வெளியே வந்தது. கரும்பு வெட்டும் பெண்களில் 13,000க்கும் மேற்பட்டோர் பத்தாண்டுகளுக்குள் கர்ப்பப்பையை எடுத்துவிட்டிருந்தார்கள். ஒரு நாள் விடுப்பு எடுத்தால் அபராதம், முன்பணம் கழிய வேண்டும், மாதவிலக்கென்று படுக்க முடியாது. பன்னாட்டுக் குளிர்பானக் கம்பெனிகள் சர்க்கரை வாங்கும் மாநிலம் அது.

முன்பணத்தின் கணக்கு

மற்ற எதைத் தவறவிட்டாலும் இதை விடாதீர்கள். முன்பணம் கொடுப்பதே குற்றம் என்று நினைக்க வேண்டாம். ஊரில் கல்யாணம், வைத்தியம், பழைய கடன் எல்லாவற்றுக்கும் அதுதான் கைகொடுக்கிறது. பிரச்சினை, அது எப்படிக் கழிகிறது என்பதில்.

திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். 2015இல் இந்த மாவட்டத்தில் ஒரே சூளையிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்டோரைக் கொத்தடிமைகள் என்று மீட்டார்கள், குழந்தைகள் உட்பட. அப்படி ஒரு சூளையில் ஒரு தம்பதியை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான், போகிற இடத்தில் உண்மையான எண்ணைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

முன்பணம் 60,000 ரூபாய். ஆயிரம் கல் அறுத்தால் 700 ரூபாய். இருவரும் சேர்ந்து நாளுக்கு ஆயிரம் கல், வாரம் ஆறு நாள்: 4,200 ரூபாய். அதில் அரிசி பருப்புக்கென்று வாரம் 1,500 கையில் கொடுப்பார்கள், மீதி 2,700 முன்பணத்தில் கழியும். இருபத்து நான்கு வாரம் ஒரு நாள் தவறாமல் வேலை செய்தால் 64,800 கழியும். அதாவது ஆறு மாத உழைப்புக்குப் பின் ஊருக்குக் கொண்டுபோக 4,800 ரூபாய். கோடைமழை வந்து பச்சைக் கல் கரைந்து இரண்டு வாரம் போயிற்று, காய்ச்சலில் ஒரு வாரம் போயிற்று என்று வையுங்கள். அறுத்தது இருபத்தொரு வாரம், சாப்பிட்டது இருபத்து நான்கு வாரம். கழிந்தது 52,200. பாக்கி 7,800, அடுத்த சீசனுக்கு. இடையில் அம்மா செத்துப்போனாலும் மனைவியையோ பிள்ளையையோ பிணையாக விட்டுவிட்டுத்தான் போக முடியும்.

இந்தக் கணக்கில் யாரும் யாரையும் அடிக்கவில்லை, சங்கிலியில்லை, பூட்டில்லை. ஆனால் ஒரு ஆளுக்கு நாளுக்கு விழுவது 350 ரூபாய், அதுவும் விடியுமுன் தொடங்கி வெயில் சாய்ந்தபின் முடியும் நாளுக்கு. அரசின் குறைந்தபட்சக் கூலி ஆணையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982இலேயே சொல்லிவிட்டது: குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வாங்கும் உழைப்பு, அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே. ஏழ்மையின் நெருக்கடியும் ஒரு வகைக் கட்டாயம்தான் என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை. அரியானா கல்குவாரிகள் தொடர்பான பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் 1984இல் இன்னும் ஒரு படி போனது. கட்டாய உழைப்பு என்று தெரிந்தால் அதன் பின்னால் முன்பணம் இருப்பதாகவே கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு. ஆகவே "சார், எங்ககிட்ட யாரையும் கட்டிப்போடல" என்று சூளைக்காரர் சொல்வது பதிலே ஆகாது.

கேட்கும் விதம்

சூளை ஆபீஸில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மேஸ்திரியை மொழிபெயர்க்க வைத்துக் கேட்டால் நாற்பது பேரும் ஒரே பதிலைச் சொல்வார்கள். தணிக்கைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கேட்கிறார்கள். வாரச் செலவுக் காசு வாங்கிக்கொண்டு சாமான் வாங்கச் சந்தைக்கு வருவார்களே, அந்த நாள் போங்கள். பெண்களிடம் பேசப் பெண் போவது நல்லது. "உங்களைக் கட்டாயப்படுத்துகிறார்களா?" என்று கேட்டால் "இல்லீங்க" என்றுதான் வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"அக்கா, கடைசியா எப்ப ஊருக்குப் போனீங்க? யார்கிட்ட கேட்டுட்டுப் போனீங்க?"

"ஆதார் அட்டை உங்க கையிலயா, மேஸ்திரிகிட்டயா?"

"இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கு? அதை எழுதுற நோட்டு யார்கிட்ட இருக்கு, உங்களுக்குக் காட்டுவாங்களா?"

"பக்கத்துச் சூளையில ஆயிரத்துக்கு நூறு ரூபா சேர்த்துத் தந்தா போவீங்களா அண்ணே?"

கடைசிக் கேள்விக்கு ஆள் சிரித்துவிட்டு மேஸ்திரி இருக்கும் திசையைப் பார்த்தால் அந்தப் பார்வையையும் குறித்துக்கொள்ளுங்கள். பெயரை மட்டும் எழுதாதீர்கள். உங்கள் அறிக்கை எப்படியும் ஒரு நாள் சூளைக்காரர் கைக்குப் போகும்.

மொழி இங்கே சொத்து. திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தில் இருந்த ஊர். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்குத் தெலுங்கும் தமிழும் ஒன்றாகவே வரும். பயோடேட்டாவில் அதைக் கடைசி வரியில் ஒளிக்காமல் மேலே போடுங்கள். இந்தியும் கொஞ்சம் ஒடியாவும் பழகினால் சென்னையிலிருந்து காரில் வரும் ஆலோசகரைவிட நீங்கள் மேல்.

கண்டால் என்ன செய்வது?

கொத்தடிமைக்கான அறிகுறி உறுதியானால் சூளைக்காரருக்கு முதலில் போன் போடாதீர்கள். ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் ஏற்றி ஆட்களை வேறிடம் மாற்றிவிடுவார்கள். கம்பெனிச் சட்டப் பிரிவிடம் சொல்லி, எழுத்தில் மாவட்ட ஆட்சியருக்கோ வருவாய்க் கோட்டாட்சியருக்கோ தெரிவிக்க வேண்டும். திருத்தணியிலேயே கோட்டாட்சியர் அலுவலகம் இருக்கிறது. விசாரித்து உறுதிசெய்தால் விடுதலைச் சான்றிதழ் கொடுப்பார்கள். அதோடு அந்தக் கடனும் சட்டப்படி செத்துவிடுகிறது, அதைத் திருப்பி வாங்குவது குற்றம். மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் ஆளைப் பொறுத்து ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம் வரையும், உடனடிச் செலவுக்கு 30,000 வரையும் கிடைக்க வழியுண்டு. குழந்தை என்றால் 1098 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

சான்றிதழ் கிடைக்காமல் ஆட்களை வெறுமனே ஊருக்கு ரயில் ஏற்றிவிட்டால் அடுத்த சீசனில் அதே கடனோடு வேறொரு சூளையில் இருப்பார்கள். கம்பெனிகளுக்குப் பிடித்த வழியும் ஏறக்குறைய இதேதான்: கெட்ட செய்தி வந்ததும் அந்த சப்ளையரை வெட்டிவிடுவது. கை சுத்தமாகிவிடும், தொழிலாளிக்கு வேலையும் போய்விடும். இதற்கு மாற்றாகத் தமிழ்நாட்டிலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. திண்டுக்கல் அருகே நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டபின், பெண்கள் முன்னின்று நடத்தும் டி.டி.சி.யூ. சங்கம் விடாமல் போராடியது. 2022இல் திண்டுக்கல் உடன்பாடு கையெழுத்தானது. ஆலையின் உரிமையாளரான ஈஸ்ட்மன் எக்ஸ்போர்ட்ஸும், எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய பிராண்டுகளும் தொழிற்சங்கங்களோடு சட்டப்படி கட்டுப்பட்டார்கள். 25 தொழிலாளிக்கு ஒருவர் என்று தொழிலாளிகளே கண்காணிப்பாளர்கள். வருஷத்துக்கு ஒருமுறை வரும் ஆடிட்டர் பார்க்க முடியாததைத் தினமும் பக்கத்து மெஷினில் இருப்பவள் பார்த்தாள். அமெரிக்கச் சுங்கத்துறை அந்த ஆலைச் சரக்குக்கு 2022 ஜூலையில் போட்ட தடையைச் செப்டம்பரிலேயே நீக்கியது.

உங்கள் மேசையிலேயே ஒரு காரணம் இருக்கலாம். சப்ளையர் பில்லை 120 நாள் கழித்துப் பாஸ் செய்கிறீர்களா? அவர் வட்டிக்கு வாங்கிச் சமாளிப்பார், முடியாதபோது கூலியை நிறுத்துவார். சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது ஏற்கெனவே சட்டம். டெலிவரி தேதியைத் திங்கட்கிழமை முன்னுக்கு இழுத்துவிட்டு வெள்ளிக்கிழமை ஓவர்டைம் பதிவேட்டில் குறை கண்டுபிடிக்கும் கம்பெனிகளும் உண்டு. என்னைக் கேட்டால், ஒரு பர்ச்சேஸ் ஆள் ஆயிரம் கேள்வி அனுப்புவதைவிடப் பத்து பில்லை நேரத்தில் பாஸ் செய்வது அதிக நன்மை.

படிப்பும் நுழைவும்

எம்.எஸ்.டபிள்யூ. (மனிதவளம் அல்லது சமூக மேம்பாடு) நல்ல வாசல். சென்னை சமூகப்பணிக் கல்லூரி, லயோலா போன்ற இடங்களில் படிக்கலாம். அம்பத்தூரில் அரசின் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் தொழிலாளர் மேலாண்மையில் பட்டமும் முதுநிலைப் பட்டயமும் தருகிறது. மாலை வகுப்புள்ள பட்டயத்தை வேலையில் இருந்துகொண்டே முடிக்க முடியுமா என்று விசாரியுங்கள். பி.காம். படித்தவரும் சோர்ந்துபோக வேண்டாம். கூலிப் பதிவேட்டையும் பி.எஃப். சலானையும் வங்கிக் கணக்கையும் ஒன்றோடொன்று ஒத்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு இந்தத் துறையில் பஞ்சம். மின்னணு ஆலைகளில் ஆர்.பி.ஏ., பல துறைகளில் ஸ்மெட்டா, எஸ்.ஏ.8000 ஆகியவை புழங்கும் முறைகள். தணிக்கை நிறுவனத்தில் சேர்ந்தால் ஆப்ஸ்கா என்ற தொழில்முறைச் சங்கத்தில் பதிவு பெற வேண்டிவரும். அங்கே ஒரு சங்கடம் உண்டு: பெரும்பாலும் தணிக்கைக்குக் கட்டணம் கட்டுகிறவரே தணிக்கைக்கு உள்ளாகிறவர், தருவதும் ஓரிரு நாள்தான். தெரிந்துகொண்டு சேருங்கள்.

அறிக்கை எழுதும்போது ஒரு பத்தியைக் கட்டாயம் வையுங்கள்: 'பார்க்காதவை'. விடுதிக்குப் போகவில்லை, இரவு ஷிப்டைப் பார்க்கவில்லை, ஒடியா பேசத் தெரிந்தவர் உடனில்லை என்று வெளிப்படையாக. மேனேஜர் முகம் சுளிப்பார். அந்தப் பத்தி இருந்தால் எக்செல் தாளில் 'ஆம்', 'இல்லை' தவிர மூன்றாவது கட்டம் வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். வாடிக்கையாளர்கள் அதை ஏற்றுக்கொள்வது நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

நேர்காணலின் முடிவில், ஏதாவது கேட்க வேண்டுமா என்பார்கள். சம்பளத்தைக் கேட்டபின் இதையும் கேளுங்கள்: "நான் எழுதும் அறிக்கை யாருக்குப் போகும் சார்? பர்ச்சேஸ் தலைவருக்கா, இயக்குநர் குழுவுக்கா?" பர்ச்சேஸ் தலைவருக்கு என்றால், விலையைக் குறைத்ததற்காகப் போனஸ் வாங்கும் மனிதரிடம் உங்கள் அறிக்கை போய்ச் சேரப்போகிறது. வேலையை ஏற்பது உங்கள் விருப்பம். நகலை மட்டும் சட்டப் பிரிவுக்கும் அனுப்பும் உரிமையை நியமன ஆணையிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.